பயணத்தில் படங்களைப் பத்திரப்படுத்த: எந்த டிரைவ், எந்தக் கேபிள், இரவில் என்ன வேலை

டிரைவ் பழுதாகிப் படங்கள் போவதும் உண்டு. ஆனால் பயணத்தில் அதைவிட எளிதாக நடந்துவிடுபவை வேறு. கேமரா, கார்டு, டிரைவ் மூன்றும் இருந்த பை அப்படியே காணாமல் போகும். காப்பி பாதியில் நின்றது தெரியாமல் கார்டை ஃபார்மட் செய்துவிடுவோம். இரண்டு கார்டுகளிலும் ஒரே பெயரில் ஃபைல்கள் இருந்து, ஒன்றின் மேல் மற்றொன்று ஏறிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிரைவாக இருந்தாலும் இவற்றைத் தடுக்காது. ஆகவே எதை வாங்குவது என்று யோசிக்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: எந்த நேரத்திலும் ஒவ்வொரு படமும் இரண்டு தனித்தனிப் பொருள்களில், இரண்டு வேறு பைகளில் இருக்க வேண்டும்.

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில். வீட்டில் இதைச் செய்வது எளிது. வழியில் மூன்றாவது பிரதிக்கும் ‘வேறு இட’த்துக்கும் நல்ல இணைய இணைப்பு வேண்டும், அது எல்லா இரவும் கிடைக்காது. இரண்டு பிரதிகளை மட்டும் ஒரு நாளும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே டிரைவில் இரண்டு ஃபோல்டர்களிலோ, இரண்டு பார்ட்டிஷன்களிலோ வைத்தால் அது ஒரு பிரதிதான்.

எவ்வளவு இடம் வேண்டும்

24 மெகாபிக்சல் கேமராவின் நல்ல தர ஜேபெக் ஏறக்குறைய 8 முதல் 12 எம்பி. அதே கேமராவின் ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் வைத்திருக்கும் ஃபைல்), சுருக்கிய வகையானால் 25 முதல் 30 எம்பி; சுருக்காத வகையானால் இன்னும் கணிசமாகக் கூடும். 45 மெகாபிக்சல் கேமராவில் ரா ஒன்றுக்கு 50 எம்பிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இடத்தை விழுங்குவது வீடியோதான். விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவாகும் 4கே வீடியோ நிமிடத்துக்கு 750 எம்பி, மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். ஐபோனில் விநாடிக்கு 60 பிரேம் வீதம் எடுக்கும் 4கே வீடியோ, சுருக்கிய வகையில்கூட நிமிடத்துக்கு 400 எம்பி அளவுக்கு வரும்.

நாளுக்கு 500 ரா படங்களும் 20 நிமிட வீடியோவும் எடுப்பவருக்கு 15 ஜிபியும் 15 ஜிபியுமாக 30 ஜிபி ஆகும். 12 நாளில் 360 ஜிபி. திட்டமிட்டதைவிட அதிகமாக எடுக்கும் நாள்கள் கட்டாயம் வரும் என்பதால் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 480 ஜிபி. 500 ஜிபி டிரைவ் இதிலேயே கிட்டத்தட்ட நிரம்பிவிடும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) விளிம்புவரை நிரம்பினால் எழுதும் வேகமும் குறைந்துவிடும். இந்தப் பயணத்துக்கு 1 டிபி டிரைவ் சரியான அளவு. 2 டிபி டிரைவ் ஒன்றுக்குப் பதிலாக 1 டிபி டிரைவ்கள் இரண்டாக வாங்குங்கள். அந்தக் கூடுதல் இடத்தால் பயனில்லை, இரண்டாவது பெட்டியால் உண்டு.

எதில் சேமிப்பது

கையடக்க எஸ்எஸ்டிதான் முதல் தேர்வு. அசையும் பாகம் எதுவும் இல்லாததால் கைதவறி விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் போனிலேயே செருகிவிடலாம். வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட உச்ச வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவான எஸ்எஸ்டிகளில் உள்ளே ஒரு சிறு பகுதி மட்டும் வேகமாக எழுதும். அது நிறைந்ததும் வேகம் சரிந்துவிடும். 20, 30 ஜிபி காப்பி செய்கிறவருக்கு இது பெரிதாக உறைக்காது. ஒரே மூச்சில் 300 ஜிபி வீடியோவை இறக்குகிறவருக்கு உறைக்கும்.

ஹார்டு டிஸ்க் இடத்துக்கு மலிவு, பயணத்துக்கு ஆகாதது. சுழலும் தட்டுக்கு மேல் மயிரிழைக்கும் குறைவான இடைவெளியில், காற்று மெத்தையில் மிதந்தபடிதான் அதன் ஹெட் (படித்து எழுதும் முனை) வேலை செய்கிறது. ஓடும்போது தட்டிவிட்டால் ஹெட் தட்டில் உரசிவிடும். உயரமான மலைப்பகுதியில் காற்று மெலிவதால் அந்த மெத்தையும் மெலிகிறது. பல ஹார்டு டிஸ்குகளின் இயக்க வரம்பைக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுவது இதனால்தான். மலையேறப் போகிறவர்கள் ஹார்டு டிஸ்கை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தால் அதை இரண்டாம் பிரதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைத்து ஓட்டுங்கள், சுழற்சி நின்ற பிறகு எடுங்கள்.

பென் டிரைவ் அவசரத்துக்கு உதவும். பெரும்பாலானவை முதல் சில ஜிபியை வேகமாக வாங்கிக்கொண்டு பிறகு விநாடிக்கு 10, 20 எம்பிக்கு இறங்கி, கைசுடும் அளவுக்குச் சூடாகும். கூடுதல் மெமரி கார்டுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் ஒரு வாரப் பயணத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை: நாளுக்கு ஒரு கார்டு, எதையும் அழிப்பதில்லை. இரண்டு கார்டு வைக்கும் கேமராவில் இரண்டிலும் ஒரே படத்தைப் பதியும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஷட்டரை அழுத்திய கணத்திலேயே பிரதி தயார். இரவில் ஒரு கார்டைக் கழற்றி வேறு பையில் வைத்தால் கணினியே தேவையில்லை.

கார்டைச் செருகி பட்டனை அழுத்தினால் தானே காப்பி செய்துகொள்ளும் பேட்டரிப் பெட்டிகளும், வைஃபை டிரைவ்களும் உண்டு. பார்க்க வசதிதான். ஆனால் அவற்றில் பல, தனிச் செயலி ஒன்றை நம்பியே இயங்குகின்றன. தயாரிப்பாளர் அந்தச் செயலியைக் கைவிட்டால் விலையுயர்ந்த பெட்டி வெறும் பெட்டியாகிவிடும். வைஃபை வழியாக 30 ஜிபி நகர்த்துவதும் பொறுமைக்குச் சோதனை. செயலியே இல்லாமல், கேபிளில் செருகினால் சாதாரண டிரைவாகத் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் வாங்காதீர்கள்.

கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டுகளும் பென் டிரைவ்களும் எஸ்எஸ்டிகளும் சந்தையில் தாராளம். உள்ளே 64 ஜிபிதான் இருக்கும், கணினியிடம் 1 டிபி என்று சொல்லும். 64ஐத் தாண்டியதும் எழுதுவதுபோல் காட்டிக்கொண்டே பழையதை அழிக்கும் அல்லது புதியதைத் தொலைக்கும். ஃபைல் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கும். கிளம்பும் முன் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகளால் டிரைவை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பாருங்கள். பெரிய டிரைவுக்குப் பல மணி நேரம் பிடிக்கும், ஆனாலும் புதிதாக வாங்கிய எதையும் இந்தச் சோதனை இல்லாமல் கொண்டுபோக வேண்டாம்.

எந்த ஃபார்மட்

ஃபார்மட் என்பது டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. பல கருவிகளில் செருகப்போகும் டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் என்ற முறையைப் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ், மேக், ஐபோன், ஐபேட் எல்லாம் இதைப் படிக்கும், எழுதும். ஆண்ட்ராய்டில் இது போன் தயாரிப்பாளரைப் பொறுத்தது. உங்கள் போனில் எழுதிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபேட்32 எங்கும் வேலை செய்யும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. நீளமான வீடியோ மட்டும் காப்பியாகாமல் நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் படிக்கும், கூடுதல் மென்பொருள் இல்லாமல் எழுதாது.

எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. எழுதும் வேலை பாதியில் அறுந்தால் எங்கே நின்றது என்று பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் பதிவேடு அதில் கிடையாது. எழுதும்போது கேபிளை உருவினால் அந்த ஒரு ஃபைலோடு நிற்காமல் முழு ஃபோல்டர் பட்டியலே குலையலாம். அதனால் எஜெக்ட் கொடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் காப்பி முடிந்ததாகக் காட்டிய பிறகும் அரை நிமிடம் பொறுத்து, டிரைவின் விளக்கு சிமிட்டுவது நின்றதும் எடுங்கள்.

கேபிளும் ரீடரும்

‘எஸ்எஸ்டி வாங்கியும் மெதுவாகத்தான் இருக்கிறது’ என்று சலித்துக்கொள்பவர்கள் முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். இரு முனையும் டைப்-சி என்பதால் எல்லாக் கேபிளும் ஒன்றல்ல. சார்ஜருடன் வரும் கேபிள்களில் பல யூஎஸ்பி 2 வேகத்துக்கு, அதாவது 480 மெகாபிட்டுக்கு மட்டுமே கம்பி கொண்டவை. நடைமுறையில் விநாடிக்கு 35, 40 எம்பிதான் வரும். 5 ஜிகாபிட் கேபிளில் 400 எம்பியைத் தாண்டும், 10 ஜிகாபிட்டில் 1,000 எம்பியை நெருங்கும். எஸ்எஸ்டியோடு வந்த குட்டைக் கேபிளில் வண்ண டேப் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜர் கேபிள்களோடு கலந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். மாற்றுக் கேபிள் ஒன்றும் கையில் இருக்கட்டும். முதலில் கெடுவது பெரும்பாலும் கேபிள்தான்.

போனின் துளைக்கும் வரம்பு உண்டு. 2023இல் வந்த ஐபோன் 15இல் டைப்-சி இருந்தாலும் அது யூஎஸ்பி 2 வேகம்தான். 15 ப்ரோவில் 10 ஜிகாபிட் வரை போகும், அதற்கும் தகுந்த கேபிளைத் தனியாக வாங்க வேண்டும்.

அடுத்தது கார்டு ரீடர். எஸ்டி கார்டுகளின் வேக வகைகளில் ஒன்றான யூஹெச்எஸ்-1க்கு உச்ச வரம்பு விநாடிக்கு 104 எம்பி, நடைமுறையில் 90. யூஹெச்எஸ்-2 வகைக்கு 312. அந்த வேகமான கார்டைப் பழைய ரீடரில் செருகினால் 90 எம்பிக்கே இறங்கிவிடும். 64 ஜிபி கார்டை 90 எம்பி வேகத்தில் இறக்க 12 நிமிடம் ஆகும், 35 எம்பி வேகத்தில் அரை மணி. களைத்துப்போய் அறைக்குத் திரும்பிய இரவில் இந்த வித்தியாசம்தான் பேக்கப் எடுப்பீர்களா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவீர்களா என்பதை முடிவு செய்யும்.

லேப்டாப் இல்லாமல்

போன், டைப்-சி ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் பெட்டி), கார்டு ரீடர், எஸ்எஸ்டி இவை போதும். ஹப்பில் எஸ்டி துளை இருந்தால் ரீடரும் வேண்டாம். ஹப்பில் சார்ஜரைச் செருகும் துளை கட்டாயம் இருக்கட்டும். போன் வெளியே தரும் மின்சாரம் கொஞ்சம்தான் (ஐபோன் 15 தருவது 4.5 வாட்), ரீடரும் எஸ்எஸ்டியும் சேர்ந்து இழுத்தால் டிரைவ் தோன்றித் தோன்றி மறையும். ஹார்டு டிஸ்கைச் செருகினால் தட்டு சுழலவே மின்சாரம் போதாமல் டிக் டிக் என்று சத்தம் போடும். அப்படியானால் உடனே கழற்றிவிடுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் சார்ஜரை ஹப்பில் செருகுங்கள், பிறகு ஹப்பைப் போனில், கடைசியில் கார்டும் டிரைவும். காப்பி ஓடும்போது சார்ஜரைச் செருகவோ உருவவோ கூடாது. அந்த நொடியில் பல ஹப்கள் எல்லாத் துளைகளையும் ஒருமுறை துண்டித்து மீண்டும் இணைக்கும். ஓடிக்கொண்டிருந்த காப்பி அங்கேயே அறும். மின்வெட்டு வந்தாலும் இதே கதைதான், அதனால் சார்ஜரைவிட பவர் பேங்க் நம்பகம்.

ஐபோனிலும் ஐபேடிலும் ‘ஃபைல்ஸ்’ செயலி 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் வெளி டிரைவ்களைக் காட்டுகிறது. கார்டைத் திறந்து ஃபோல்டரை அழுத்திப் பிடித்து, காப்பி செய்து, டிரைவில் பேஸ்ட் செய்யுங்கள். முடியும்வரை திரை அணையாமலும் செயலி பின்னால் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ-லாக்கைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். ஆண்ட்ராய்டில் போனோடு வந்த ஃபைல் மேனேஜரே போதும். சில போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜியை (வெளி டிரைவை இணைக்கும் வசதி) முதலில் இயக்க வேண்டியிருக்கும். சிறிது நேரம் சும்மா இருந்தால் தானே அணைந்தும் விடும்.

போனிலேயே எடுத்த படங்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஐபோனில் இடத்தை மிச்சப்படுத்தும் ‘ஆப்டிமைஸ்’ அமைப்பு இயங்கினால் போனில் இருப்பது சிறிய பிரதி. மூலப்படம் கிளவுடில் இருக்கும். இணையம் இல்லாத ஊரில் அதை டிரைவுக்கு மாற்ற முடியாது, கிளம்பும் முன் அந்த அமைப்பை நிறுத்திவிடுங்கள். டிரைவுக்கு அனுப்பும்போது ஷேர் பட்டியலில் ‘திருத்தாத மூலத்தை ஏற்றுமதி செய்’ என்ற பொருளில் உள்ள விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, சாட் செயலியில் உங்களுக்கே படத்தை அனுப்பி வைப்பது பேக்கப் ஆகாது. படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். வேறு வழியே இல்லையென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இரவு வேலை

1. எஸ்டி கார்டின் இடப்பக்கச் சிறு பூட்டைக் கீழே தள்ளிவிட்டு ரீடரில் செருகுங்கள். கணினி கார்டில் எதையும் எழுதாது, தவறுதலாக அழிக்கவும் முடியாது.

2. டிரைவில் அன்றைய தேதி, கேமரா, கார்டு எண் கொண்ட புது ஃபோல்டர் ஒன்றைத் திறங்கள்: 2026-03-14-ஏ-2 என்பதுபோல. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் ஃபோல்டர்கள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர் என்பதில் தளர்வு வேண்டாம். கேமராக்கள் ஃபைல் எண்ணை 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001இல் தொடங்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்கள் ஒரே பெயர்களை உருவாக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ‘மாற்றவா?’ என்று கேட்கும், தூக்கக் கலக்கத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிடுவீர்கள்.

3. படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டரை மட்டும் எடுக்காமல் கார்டில் உள்ள அனைத்தையும் காப்பி செய்யுங்கள். சில கேமராக்கள் வீடியோவைப் ‘பிரைவேட்’ என்ற வேறொரு ஃபோல்டருக்குள் போடும். படங்கள் எல்லாம் வந்துவிட்டன, வீடியோ ஒன்றுகூட இல்லை என்று ஊர் திரும்பிய பிறகு தெரியவருவது இதனால்தான். கட்-பேஸ்ட் செய்யாதீர்கள்.

4. சரிபாருங்கள். லேப்டாப்பில் டெராகாப்பி போன்ற கருவியின் சரிபார்ப்பு வசதியை இயக்கலாம். மேக், லினக்ஸில் ஆர்சிங்க் என்ற காப்பிக் கட்டளையைச் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடும் விருப்பத்தோடு இரண்டாம் முறை ஓட்டலாம். அதற்கு முன் டிரைவை எஜெக்ட் செய்து மீண்டும் செருகுங்கள். இல்லையென்றால் கணினி தன் நினைவகத்தில் இருக்கும் நகலையே படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். போனில் இந்த வசதி இல்லாதபோது ஃபைல்களின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, கடைசிப் படத்தையும் மிகப் பெரிய வீடியோவின் கடைசி நொடிகளையும் திறந்து பாருங்கள். சிறுபடம் தெரிகிறது என்பதை நம்ப வேண்டாம். ரா ஃபைலுக்குள் ஒரு ஜேபெக் முன்னோட்டம் பொதிந்திருக்கும். பாதிதான் காப்பியான ஃபைலிலும் அது அழகாகத் தெரியலாம்.

5. இரண்டாவது டிரைவுக்கும் கார்டிலிருந்தே நேராகக் காப்பி செய்யுங்கள். முதல் டிரைவிலிருந்து எடுத்தால் அங்கே நேர்ந்த பிழையும் சேர்ந்தே வரும்.

6. ஒரு டிரைவ் உங்களோடு, மற்றது வேறு பையில் அல்லது உடன் வருபவரிடம்.

கார்டில் இடம் இருக்கும்வரை அதை அழிக்காதீர்கள். அழித்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு டிரைவிலும் சரிபார்த்த பிறகு, பூட்டை விடுவித்து, கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் செய்தால் கேமராவுக்கு வேண்டிய ஃபோல்டர் அமைப்பு சரியாக இல்லாமல் போகலாம். ஐபேடில் படங்களை இறக்கியதும் ‘கார்டிலிருந்து நீக்கவா, வைத்திருக்கவா’ என்று கேட்கும். எப்போதும் வைத்திருங்கள்.

‘மிரர்’ என்று பெயர் வைத்த சிங்க் முறைகளிடம் ஜாக்கிரதை. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழிப்பதுதான் அவற்றின் வேலை. அழித்த கார்டை மிரர் முறையில் மீண்டும் இணைத்தால் டிரைவும் காலியாகும். போனோடு ஒத்திசையும் கிளவுட் கேலரிகளும் அப்படித்தான்: போனில் நீக்கினால் கிளவுடிலும் நீங்கும்.

கிளவுடை எவ்வளவு நம்பலாம்

தங்குமிட வைஃபையில் பதிவேற்ற வேகம் விநாடிக்கு 10 மெகாபிட் என்று வைத்தால் 30 ஜிபி ஏற ஆறு மணி 40 நிமிடம் ஆகும், அதுவும் இடையில் அறாமல் இருந்தால். எல்லா ராவையும் ஏற்றும் கனவை விட்டுவிட்டு அன்றைய சிறந்த 50 ஜேபெக்குகளை மட்டும் ஏற்றுங்கள். 500 எம்பிதான், ஏழு நிமிட வேலை. எல்லாப் பைகளும் போனாலும் அந்த 50 மிஞ்சும். கூகுள் போட்டோஸில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ தேர்வில் இருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் சுருக்கப்படும் என்பதையும் கவனியுங்கள்.

கொண்டுசெல்லும்போது

விமானத்தில் டிரைவ், கார்டு எல்லாம் கைப்பையில். பாதுகாப்புச் சோதனையின் எக்ஸ்-ரே இவற்றை ஒன்றும் செய்யாது, அது ஃபிலிமுக்குத்தான் ஆகாது. பவர் பேங்க் சரக்குப் பெட்டியில் அனுமதியில்லை. 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம், 3.7 வோல்ட் கணக்கில் அது சுமார் 27,000 மில்லி ஆம்பியர்-மணி. குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் நுழையும் முன் டிரைவை ஜிப் பையில் மூடுங்கள். ஈரம் பைக்கு வெளியே படியும். அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்து செருகுங்கள்.

டிரைவ் தொலைந்தால் அடுத்தவர் பார்க்கக் கூடாது என்று விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரில் பூட்டினால் போனில் அது திறக்காது. லேப்டாப் கொண்டுபோகிறவர்கள் பூட்டலாம். போனை மட்டும் நம்பியிருப்பவர்கள் அடையாள அட்டை நகல் போன்றவற்றை அந்த டிரைவில் வைக்காமல் இருப்பது நல்லது.

கார்டு திறக்கவில்லை என்றால்

‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பூட்டைத் தள்ளி, அந்தக் கார்டை ஓரமாக வையுங்கள். அதில் இன்னொரு படம் எடுத்தால் பழையது இருந்த இடத்தில் புதியது உட்காரும். வேறு ரீடரில் ஒருமுறை முயலுங்கள். ரீடரின் கோளாறாகவே இருக்கலாம். மீட்கும் வேலையை ஊர் திரும்பிய பிறகு நிதானமாகச் செய்யுங்கள். போட்டோரெக் என்ற இலவசக் கருவி பல சமயம் படங்களை எடுத்துக்கொடுக்கும், ஃபைல் பெயர்கள் மட்டும் போய்விடும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிரைவில் சேமியுங்கள். எஸ்எஸ்டியில் அழித்ததை மீட்பது இதைவிடக் கடினம். அழித்த இடங்களை அதுவே பின்னணியில் துடைத்துவிடுவதும் உண்டு.

திரும்பியதும் பயண டிரைவ்களை அப்படியே அலமாரியில் போட்டுவிடாதீர்கள். எஸ்எஸ்டி தரவை மின்னூட்டமாகத்தான் வைத்திருக்கிறது. மின்னணுச் சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை, ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த சாதாரண எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓர் ஆண்டு தாங்கினால் போதும் என்கிறது. புது டிரைவ் அதைவிட வெகுகாலம் தாங்கும் என்றாலும், படங்களை வீட்டு ஹார்டு டிஸ்குகள் இரண்டில் ஏற்றிச் சரிபார்த்த பிறகே பயண டிரைவை அடுத்த பயணத்துக்குக் காலி செய்யுங்கள்.